திரும்பி வருகிறவருக்குக் கதவைத் திறக்கலாமா?

கடந்த தீபாவளி விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும்போது, என் அத்தை ஒரு மிலோ அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முறுக்கும் அதிரசமும் இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே முழுக்க நாவல்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாத நாவல்கள், ரமணிசந்திரன் புத்தகங்கள், அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டிய பழைய குடும்ப நாவல்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ ஆயி. படிச்சுட்டு எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. இதுல எவன் ரெண்டாவது தடவ விட்டுட்டுப் போக மாட்டான்?"

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

அத்தையின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அதனால் ஜொகூரில் ஒரு சிறு பட்டணம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாமா சிங்கப்பூரில் லோரி ஓட்டப் போனார். முதலில் வாரம் ஒரு முறை வந்தார். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு வரவே இல்லை. அங்கே அவருக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தபோது என் அத்தை மகன்கள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ரவிக்கை தைத்து அவர்களை வளர்த்தார். 9 ஆண்டுகள் கழித்து, சென்ற ஆண்டு நடுவில், மாமாவிடமிருந்து புலனத்தில் ஒரு செய்தி வந்தது. வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறாராம்.

ஜொகூரில் பிறந்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல. 1924-இல் திறந்த அந்தக் கடற்பாலம் 1 கிலோமீட்டர் அளவுதான். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடந்து இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திரும்பாமல் போனவர்களும் சில பேர் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைக்குத் தனிப் பெயரே உண்டு: 'செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ்'. பிரிந்துபோன இருவர் சில காலம் கழித்து மறுபடியும் சந்தித்து, இரண்டாவது முறையாகச் சேர்வது. டிக்டாக்கில் புத்தகம் பரிந்துரைக்கும் நம் வயதினர் மத்தியில் இதற்கு நல்ல வரவேற்பு. நானும் இடைநிலைப்பள்ளிக் காலத்திலிருந்தே இப்படிப்பட்ட ஆங்கில நாவல்களை விழுந்து விழுந்து படித்தவள். அழுதுகொண்டே முடித்தால் நல்ல புத்தகம், அழுகை வராவிட்டால் சுமார், அவ்வளவுதான் என் அளவுகோல். அத்தையின் கேள்விக்குப் பிறகு அந்த அளவுகோல் உதவவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு கதையையும் முடித்ததும் குறிப்பு எழுதத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது.

பிரிந்ததற்குக் காரணம் என்ன?

பெட்டியில் இருந்த கதைகளில் பாதிக்கும் மேல் ஒரே அச்சு. கணவன் மனைவியைச் சந்தேகப்படுகிறான். காரணம் ஒரு கடிதம், ஒரு புகைப்படம் அல்லது பொறாமை பிடித்த ஓர் உறவுக்காரி. மனைவி மானத்தோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். 100 பக்கம் கழித்து அந்த உறவுக்காரியின் குட்டு வெளிப்படுகிறது. கணவன் ஓடி வருகிறான். சுபம்.

முதல் நான்கு கதைகளை ரசித்தேன். ஐந்தாவதில் சலித்துவிட்டது. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. இருவரும் 10 நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் கதையே இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பொய் அவர்களைப் பிரித்தது, அந்தப் பொய் விலகியதும் சேர்ந்தார்கள். அப்படியானால் அவன் மாறவே இல்லை. நாளைக்கு இன்னொரு உறவுக்காரி வந்து இன்னொரு புகைப்படத்தைக் காட்டினால் மறுபடியும் சந்தேகப்படுவான். அத்தையின் கேள்விக்கு இந்தக் கதாநாயகன் தேர்வில் தோற்றுவிடுகிறான்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. சகுந்தலையின் கதையையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருக்குத் தெரிந்தது காளிதாசர் எழுதிய நாடகம். அதில் துர்வாச முனிவர் சாபம் இடுகிறார். அதனால் துஷ்யந்தன் சகுந்தலையை மறந்துபோகிறான். மோதிரம் தண்ணீரில் விழுகிறது. மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்து அரசனிடம் வந்து சேர்ந்ததும் நினைவு திரும்புகிறது. ஆக, அவன் மீது குற்றமே இல்லை. எல்லாம் சாபத்தின் வேலை.

ஆனால் மகாபாரதத்தில் உள்ள சகுந்தலை கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே துஷ்யந்தனுக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருந்தும் சபை நடுவே அவளைத் தெரியாது என்கிறான். சகுந்தலை அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரசனின் முகத்துக்கு நேராக நியாயம் கேட்கிறாள். பிறகு வானிலிருந்து ஒரு குரல் சாட்சி சொன்னதும் அவன் ஏற்றுக்கொள்கிறான். மக்கள் சந்தேகப்படக்கூடாது என்பதற்காகவே அப்படி நடந்துகொண்டதாகச் சமாதானமும் சொல்கிறான்.

காளிதாசரின் நாடகம் பெரும் காவியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அத்தை போன்ற ஒரு வாசகிக்கு எந்தக் கதை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது? சாபத்தால் மறந்த கணவன்மார்களை நாம் அக்கம்பக்கத்தில் பார்ப்பதில்லை. நினைவிருந்தும் தெரியாததுபோல் இருந்தவர்களைத்தான் பார்க்கிறோம்.

எழுத்தாளரே திருத்தி எழுதிய முடிவு

இந்த வகை நாவல்களின் தாய் என்று பலரும் சொல்வது ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பெர்சுவேஷன்'. ராஜீவ் மேனன் இயக்கி 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் நினைவிருக்கிறதா? அது இதே ஆஸ்டினின் வேறொரு நாவலைத் தழுவியது. அந்த அளவுக்கு அவர் நமக்கு அந்நியர் அல்லர்.

'பெர்சுவேஷன்' கதை எளிமையானது. ஆன் எலியட்டுக்கு 19 வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படை இளைஞன் மீது காதல். கையில் காசில்லை, குடும்பப் பின்னணியும் இல்லை என்று, தாயைப் போன்ற ஒரு மாது புத்தி சொல்ல, ஆன் அந்த நிச்சயத்தை முறித்துவிடுகிறாள். 8 ஆண்டுகள் போகின்றன. அவளுக்கு வயது 27. அவன் இப்போது கேப்டன், செல்வந்தன். அவள் இருக்கும் ஊருக்கே வருகிறான். அவள் ஆளே மாறிவிட்டாள் என்று அவன் சொன்னதாக அவள் காதுக்கே செய்தி வருகிறது.

இந்த நாவலில் பொய்க் கடிதம் இல்லை, சூழ்ச்சிக்காரி இல்லை. ஆன் தானே எடுத்த முடிவுதான் பிரிவுக்குக் காரணம். அதோடு நிற்கவில்லை. கடைசியில் வென்ட்வொர்த்தும் தன் பங்கை ஒப்புக்கொள்கிறான். பிரிந்து இரண்டு ஆண்டுகளிலேயே கையில் ஓரளவு பணம் சேர்ந்துவிட்டது, அப்போதே அவன் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், வறட்டுக் கௌரவம் விடவில்லை. வீணான 8 ஆண்டுகளில் 6 ஆண்டுகள் தன் கணக்கு என்று அவனே உணர்கிறான். இந்த இடத்தைப் படித்தபோது நோட்டுப் புத்தகத்தில் 'இவன் போக மாட்டான்' என்று எழுதினேன். தன் தவறு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போடத் தெரிந்தவன் அதை மறுபடியும் செய்யத் தயங்குவான்.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது அந்த நாவலின் பின்கதை. ஆஸ்டின் இதன் முடிவை 1816 ஜூலை 18-இல் எழுதி முடித்தார். அந்த முதல் முடிவில், ஆனும் வென்ட்வொர்த்தும் ஓர் அட்மிரல் வீட்டில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். ஆன் வேறொருவரைக் கல்யாணம் செய்யப்போகிறாளா என்று கேட்டுச் சொல்லும்படி அட்மிரல் அவனிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். அவன் கேட்கிறான். அவள் இல்லை என்கிறாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்துவிடுகிறார்கள்.

ஆஸ்டினுக்கு இது பிடிக்கவில்லை. உயிரில்லாமல் சப்பென்று இருப்பதாக அவர் நினைத்தார் என்று அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். மூன்று வாரத்துக்குள் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். நாவல் அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில். ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் படி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

புதிய முடிவில் என்ன மாறியது? விடுதி அறை ஒன்றில் ஆன் ஒரு நண்பரோடு பேசுகிறாள். ஆண்களின் அன்பு நீடிக்குமா, பெண்களின் அன்பு நீடிக்குமா என்று வாதம். வென்ட்வொர்த் பக்கத்திலேயே மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் பேசுவது அவன் காதில் விழுகிறது. தாங்க முடியாமல் அங்கேயே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியேறுகிறான்.

முதல் முடிவில் தற்செயல் அவர்களைச் சேர்த்தது. இரண்டாவது முடிவில் அவள் மனத்தில் இருப்பதைத் தன் வாயால் சொல்கிறாள், அவன் தன் கையால் எழுதுகிறான். தேறிய கதைக்கும் தேறாத கதைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே எழுத்தாளரின் இரண்டு வரைவுகளில் பார்க்க முடிவது அபூர்வம். இலக்கியம் எடுத்திருக்கும் எஸ்.டி.பி.எம். மாணவர்கள் நேரம் கிடைத்தால் இரண்டையும் தேடிப் படித்துப் பாருங்கள்.

2022-இல் இதே நாவலை நெட்ஃபிளிக்ஸ் படமாக எடுத்தபோது விமர்சகர்கள் பலர் கடுமையாகச் சாடினார்கள். அதில் ஆன் கேமராவைப் பார்த்து நக்கல் அடித்துக்கொண்டே இருப்பாள். 8 ஆண்டு வலியை ஒரு நகைச்சுவைத் துணுக்காக்கினால், அது முடிவுக்கு வரும்போது நமக்கு எந்த ஆறுதலும் வருவதில்லை. பிரிவின் கனத்தை உணராத வாசகருக்குச் சேர்க்கையின் கனமும் தெரியாது.

நம் வீட்டுக் கதை

ஆங்கில நாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். தமிழின் முதல் காப்பியத்தின் நடுவிலேயே இப்படி ஒரு கதை உண்டு. சிலப்பதிகாரத்தைக் கண்ணகி நீதி கேட்ட கதையாகவே நமக்குப் பள்ளியில் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன்னால் கோவலன் மாதவியை விட்டுவிட்டு வீடு திரும்பும் கட்டம் இருக்கிறது. கண்ணகி ஒரு கேள்வியும் கேட்காமல் தன் சிலம்பைத் தருகிறாள். இருவரும் விடிவதற்கு முன்பே மதுரைக்குப் புறப்படுகிறார்கள்.

'இதென்ன, இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாளே' என்று எனக்குப் பள்ளியில் படிக்கும்போது கோபம் வந்தது. இப்போது உரையோடு முழுமையாகப் படித்தபோதுதான் நான் தவறவிட்ட ஓர் இடம் தெரிந்தது. அது கொலைக்களக் காதையில் வருகிறது. மாதரி தந்த வீட்டில் கண்ணகி சமைத்துப் பரிமாறி, வெற்றிலை கொடுத்த பிறகு, கோவலன் பேசுகிறான். வீணர்களோடு சேர்ந்து கெட்டுப்போனேன், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, உனக்கும் தீங்கு செய்தேன், நான் வா என்றதும் நீ கிளம்பி வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று வரிசையாகச் சொல்கிறான். 'நடந்தது நடந்துவிட்டது' என்று ஒரே வாக்கியத்தில் மூடி மறைக்கவில்லை.

கண்ணகியும் அப்போதுதான் வாய் திறக்கிறாள். நீங்கள் இல்லாததால் அறவோருக்கு உணவளிக்கவும் விருந்தினரை வரவேற்கவும் எனக்கு வாய்ப்பில்லாமல் போனது என்கிறாள். உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது என் வேதனையை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவர்கள் மனம் வருந்தினார்கள் என்கிறாள். கடைசியில், நீங்கள் செய்தது சான்றோர் ஏற்காத நடத்தை என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறாள். நான் எழுந்து வந்தது என் உறுதியால் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள்.

சத்தம் இல்லை, சாபம் இல்லை. ஆனால் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இந்த உரையாடல் முடிந்ததும்தான் கோவலன் சிலம்பை விற்கக் கடைவீதிக்குப் போகிறான். அவன் திரும்பவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தக் கொலை நம்மை இவ்வளவு உலுக்குவதற்கு ஒரு காரணம், அவர்கள் உண்மையாகவே சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான்.

சங்க இலக்கியத்தில் இது இன்னும் விரிவாக இருக்கிறது. மருதத் திணை முழுவதுமே ஊடலுக்கு உரியது. பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவன் வாசலில் நிற்கிறான். அவனை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதற்குத் துறைகளே வகுத்திருக்கிறார்கள். மறுத்தால் வாயில் மறுத்தல், ஏற்றால் வாயில் நேர்தல். தலைவனுக்காகத் தூது பேசுகிறவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயர். தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர் எனத் தொல்காப்பியம் 12 பேரைச் சொல்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் தலைவி கோபத்தை அடக்கிக்கொள்வாள் என்பதால், விருந்தினரோடு சேர்ந்து நுழைந்துவிடும் சாமர்த்தியமான தலைவர்களும் அந்தப் பாடல்களில் உண்டு.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் வாயில்கள் பெருகிவிட்டார்கள். பாட்டி ஒரு வாயில். "வயசான காலத்துல துணை வேணும்ல" என்று சித்தப்பா ஒரு வாயில். கோயிலில் பார்க்கிற பெரியம்மா ஒரு வாயில். எல்லாரும் மாமாவுக்காகப் பேசினார்கள். மாமா மட்டும் பேசவில்லை.

சங்கப் புலவர்கள் மறுக்கும் தோழிக்கும் இடம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 'போய் வா, இங்கே இடமில்லை' என்று சொல்லும் பாடல்களும் அதே மதிப்போடு தொகைநூல்களில் இருக்கின்றன. மறுக்கும் உரிமை இருந்தால்தான் ஏற்பதற்கு அர்த்தம். பெட்டியில் இருந்த சுமாரான நாவல்கள் சறுக்குவது இங்கேதான். அவற்றில் கதாநாயகிக்கு வேறு போக்கிடம் இருக்காது. வேலை இருக்காது, அல்லது இருந்தாலும் கடைசி அத்தியாயத்தில் அதை விட்டுவிடுவாள். குழந்தைக்கு அப்பா வேண்டும் என்று ஊரே சொல்லும். அவளும் தலையை ஆட்டுவாள். அவளுக்கு வேறு வழியில்லாமல் போனதைக் காதல் என்று நம்பச் சொல்கிறது அந்தக் கதை.

சேராமல் இருப்பதும் ஒரு முடிவு

நம் வயதினர் பலர் படித்திருக்கும் கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) நாவலை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் கணவன் மனைவியை அடிக்கிறான். பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறான். அவள் மன்னிக்கிறாள். மறுபடியும் அடிக்கிறான். மகள் பிறந்த பிறகு அவள் அவனிடம் கேட்கும் கேள்விதான் கதையின் உச்சம்: நாளைக்கு நம் மகளே வந்து, கணவர் என்னை அடிக்கிறார் என்று சொன்னால், அவளுக்கு நீ என்ன புத்தி சொல்வாய்? அவனால் அதற்குப் பிறகு வாதிட முடிவதில்லை. விவாகரத்துக்குச் சம்மதிக்கிறான்.

அந்த நாவலைப் பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் அடிக்கிற கணவனுக்கு இரண்டாவது, மூன்றாவது வாய்ப்புகள் கொடுப்பதைக் காதலாகக் காட்டும் கதைகளுக்கு நடுவே, 'இனி போதும்' என்று சொல்லும் ஒரு கதாநாயகி லட்சக்கணக்கான இளம் வாசகிகளைச் சென்றடைந்தாள். அத்தையின் பெட்டியிலும் அறைகிற கணவர்கள் இருந்தார்கள். அறைந்த கையையே அவள் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் காட்சியை ஒரு நாவலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

அடிதடி எதுவும் இல்லாமலேயே சேராமல் போகிற கதைகளும் உண்டு. 2018-இல் வந்த '96' படத்தில் பள்ளித் தோழர்கள் ராமும் ஜானுவும் 22 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கிறார்கள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள். விடிந்ததும் அவள் விமானம் ஏறிப் போய்விடுகிறாள். வாழ்க்கை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பள்ளி நாளிலிருந்து சொல்லாமல் விட்டவற்றைச் சொல்லிக்கொள்ள ஓர் இரவு கிடைத்தது. படம் பார்த்த நம் அம்மா அப்பாக்கள் பலர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) இன்னொரு வகை. கல்யாணமான புதிதிலேயே திவ்யா விவாகரத்துக் கேட்கிறாள். ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரே வீட்டில் அந்நியர்களைப்போல் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் அவள் மனம் மாறுகிறது. அவசரப்படுத்தாத காலமும் ஒரு பாத்திரம்போல அந்தக் கதையில் வேலை செய்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதே போன்ற ஓர் இடைவெளியை வைத்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, பொதுவாகக் கல்யாணமாகி 2 ஆண்டுகளுக்குள் மணவிலக்கு மனு போட முடியாது. ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். அந்தக் குழுவுக்கு 6 மாத அவகாசம் உண்டு. துணையைக் கைவிட்டுப் போய்விட்டவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலை அந்த விதிவிலக்குகளில் ஒன்று. சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது: வாய்ப்பு கொடுக்கலாம், ஆனால் ஆளே இல்லாதவருக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

என் நோட்டுப் புத்தகம்

பருவ விடுமுறை வருவதற்குள் பெட்டியை முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நான்கு கேள்விகள் மிஞ்சின. எழுத ஆசைப்படும் நண்பர்களுக்கும், நல்ல கதையைத் தேர்ந்தெடுக்க விரும்பும் வாசகர்களுக்கும் அவை பயன்படலாம்.

ஒன்று, பிரிவுக்குக் காரணம் அந்த இருவருக்குள் இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா? இரண்டு, தவறு செய்தவர் அதைப் பெயர் சொல்லிச் சொன்னாரா, பொதுவாக 'மன்னிச்சிடு' என்று முடித்துக்கொண்டாரா? மூன்று, காத்திருந்தவருக்கு மறுக்கும் வசதி இருந்ததா? நான்கு, இடைப்பட்ட ஆண்டுகள் இருவரையும் எப்படி மாற்றின என்பதை நாம் கண்ணால் பார்த்தோமா, எழுத்தாளர் சொன்னதால் நம்பினோமா?

பெட்டியில் இருந்த எல்லாப் புத்தகங்களும் இதில் தோற்கவில்லை. சில பழைய குடும்ப நாவல்களில் கதாநாயகி வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, தன் காலில் நின்ற பிறகுதான் கணவன் வாசலுக்கு வருகிறான். அவற்றில் அத்தை பென்சிலால் கோடு போட்டிருந்தார். காதல் வசனத்துக்குக் கீழே இல்லை. அவள் முதல் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் இடத்தில்.

ஜனவரியில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 'பெர்சுவேஷன்' கதையை ஒரு மணி நேரம் சொன்னேன். கொலைக்களக் காதையில் அந்தப் பகுதியை உரையோடு நகலெடுத்துக் கொடுத்தேன். அத்தை தையல் இயந்திரத்தின் மீதே வைத்து இரண்டு முறை படித்தார். கோவலனைப் பற்றித்தான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கண்ணகி சொல்லிட்டா. நான் இன்னும் சொல்லல ஆயி" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் எழுதிய நான்கு கேள்விகளிலும் வருகிறவரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தவர் 9 ஆண்டுகளாக யாரிடமும் பேசாமல் இருந்ததை நான் கேள்வியாகக் கூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அத்தை என்னையும் இருக்கச் சொன்னார். மாமா மெலிந்திருந்தார். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நடந்தது நடந்துபோச்சு, இனிமே நல்லா இருப்போம்" என்றார். பெட்டியில் இருந்த அத்தனை சுமாரான நாவல்களும் என் கண்முன் வந்துபோயின.

அத்தை காப்பி கலக்கி வந்து வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சின்னவனுக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் இருந்த ஐந்து நாள். பள்ளிப் பாரத்தில் அப்பா பெயருக்கு நேராகக் கைப்பேசி எண் கேட்டபோது பெரியவன் தன் எண்ணையே எழுதியது. தீபாவளிக்கு ஊர் ரவிக்கையெல்லாம் தைத்துவிட்டு, தனக்கு ஒன்று தைக்க நேரமில்லாமல் போன வருடங்கள். குரலை உயர்த்தவே இல்லை. மாமா கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போனது. ஒன்றும் பதில் சொல்லாமல், மாலை பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து புலனத்தில் ஒரு நீண்ட செய்தி வந்ததாக அத்தை சொன்னார். என்ன எழுதியிருந்தார் என்று கேட்டேன். காட்டவில்லை.

"படிச்சுட்டேன். கொஞ்சம் பெருசாத்தான் எழுதியிருக்காரு. இன்னும் பதில் போடல."

பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. அத்தைக்கு அவசரம் இல்லை. அடுத்த முறை வரும்போது வேறு புத்தகம் இருந்தால் எடுத்து வரச் சொன்னார். நான் பழைய புத்தகக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அம்மாவோ அத்தையோ பாட்டியோ பத்திரமாக வைத்திருக்கும் ஒரு பெட்டி இருக்கலாம். அவர்கள் எந்த வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள்.